அளவுப் பதிவேடு

மூடப்போன ஜெராக்ஸ் கடையிலிருந்து
நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய பெட்டி.
மூடியைக் கழற்றினால்
ஏழு வருடத் தூசி,
உடைந்த பல்லி முட்டை ஒன்று.

முதலில் விசிறியின் சத்தம்.
அதைப் பிடுங்கிவிட்டு
பிராசசரின் தலையில்
ஓர் அலுமினியப் பாளத்தை உட்கார வைத்தேன்.
சுழலும் டிஸ்க் போய்ச் சுழலாத டிஸ்க் வந்தது.
இப்போது பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று
பச்சை விளக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குவைத்திலிருந்து வந்த சகலை
தீப்பெட்டி அளவில் ஒரு டாக் கொடுத்தார்.
பதினோராயிரம் என்றதும்
என்ன செய்யும் இது என்றாள் கமலவேணி.
"எண்ணை ஒலியா மாத்தும்."
"நல்லெண்ணையா, கடலெண்ணையா?"

நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு முறை
அளந்து வைத்த பாட்டை
கம்ப்யூட்டர் தன் வசதிக்கு
நாற்பத்தெட்டாயிரமாகக் கலக்கி விடுகிறது,
யாரையும் கேட்காமல்.
செட்டிங்ஸின் அடியில், அதற்கும் அடியில் போய்
அந்த மதகை இறக்கினேன்.
வந்தது வந்தபடி போகட்டும்.

அளவு எனக்குப் புதிதில்லை.
நீடாமங்கலத்தில், மூணாற்றுத் தலைப்பில்
வெண்ணாறு கோரையாறு பாமணியாறு
மூன்றுக்கும் அளவுகோல் பார்த்து எழுதுகிறவன் நான்.
காலை ஆறு மணி ஆறு.
மாலை ஆறு மணி ஆறு.
நாளுக்கு இரண்டு முறை,
பத்தொன்பது வருடம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
பாட்டுக்கு அடியில் மட்டும் யாரோ
உம் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
ரயில்வே கேட் போட்டு
பஸ்ஸும் லாரியும் எஞ்சினை அணைக்கிற
அந்தப் பத்து நிமிடத்தில்
இன்னும் தெளிவாக, ம்ம்ம்ம்.
ஒயரை மாற்றினேன். பிளக்கைத் திருப்பிப் போட்டேன்.
ஃப்ரிட்ஜை அணைத்து
தயிர் புளித்ததுதான் மிச்சம்.

சூசைமாணிக்கம் டெஸ்டரோடு வந்தான்.
கொல்லையில் எர்த் பைப்பைச் சுற்றி
மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.
சித்திரை.
"உப்பு, கரி, ரெண்டு குடம் தண்ணி" என்றான்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரை
இரும்புக்கு ஊற்றுகிறேன் என்று
தெருவே பார்த்தது.
ஒரு ராத்திரி அடங்கியது.
மறுநாள் திரும்பவும்
விட்ட இடத்திலிருந்து உம்.

மேட்டூர் திறந்து ஆறாம் நாள்
நுரையும் செருப்பும் தெர்மாகோலும் முன்னே வர
தண்ணீர் வந்தது.
லஸ்கர் வைரக்கண்ணு ஷட்டரில் சக்கரம் சுற்ற
நான் எழுதினேன்.
கொல்லைக் கிணறு மெல்ல ஊறியது.
எர்த் குழியருகே கால் வைத்தால் சதசதவென்றிருந்தது.

பிறகு ஒரு ராத்திரி
அந்த உம் இல்லை.
எப்போது நின்றது?
நேற்று இருந்தது, இன்று இல்லை.
இடையில் நான் அளக்கவில்லை.

டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டு ஸ்பீக்கரில்
எத்தனையோ தடவை கேட்ட கச்சேரி.
பல்லவி எடுக்கும் முன்
அந்த அம்மாள் மூச்சு இழுக்கிறார்.
கொஞ்சம் நீளமான மூச்சு.
பின்னால் யாரோ
டம்ளரைத் தரையில் வைக்கிறார்கள்,
சத்தம் வரக் கூடாதென்று
பார்த்துப் பார்த்து.

இவ்வளவு நாள் எங்கே இருந்தது இந்த டம்ளர்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு தலைப்புக்கு நடந்தேன்.
அந்நேரத்து ஆற்றை நான் பார்த்ததே இல்லை.
கோரையாற்றுக் கோலில் தண்ணீர்
ஓர் அங்குலம் ஏறி, அரை அங்குலம் இறங்கி,
மறுபடி ஏறியது.

பதிவேட்டில் இரவு மூன்று மணிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
3.10, இரண்டு அடி ஏழு அங்குலம்.
3.25, இரண்டு அடி ஆறரை.

கையெழுத்துப் போட வந்த உதவிப் பொறியாளர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது என்னய்யா?"
"இடையில இருந்தது சார்."

ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.
சட்டைப்பையில் இருந்தது.
இல்லை என்றேன்.